காரணமும் பொறுப்பும்: பாடசாலை வன்செயல் குறித்து ஓர் அறவியல் நோக்கு

பாடசாலையில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனை அடித்துக் காயப்படுத்திவிட்டான் என்ற செய்தி பத்திரிகையில் வெளிவரும்போது, அதனை வாசிப்போர் இருவகையாகப் பேசுவதைக் காணலாம். ஒரு சாரார், இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பயம் என்பது இல்லாமற் போய்விட்டது, நாலு அடி போட்டால் எல்லாம் சரிவரும் என்பர். மற்றைச் சாரார், அவன்தான் என்ன செய்வான், வீடு அப்படி, ஊர் அப்படி, பார்க்கும் படங்கள் அப்படி என்பர். முன்னையோர் குற்றத்தைப் பேசுகின்றனர்; பின்னையோர் காரணத்தைப் பேசுகின்றனர். இவ்விரு பேச்சுக்களும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், அடிபட்ட மாணவனைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்லேனும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. காரணத்தை ஆராய்ந்தால் குற்றம் கரைந்துவிடுமா? குற்றத்தை வலியுறுத்தினாற் காரணம் மறைந்துவிடுமா? இவ்வினாக்களை அவனை முன்னிறுத்திக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்செயல் என்னும்போது எதனைக் கருதுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். இடைவேளையில் இரு பையன்கள் கட்டிப் புரண்டுவிட்டு, மணி அடித்ததும் சேட்டிலுள்ள புழுதியை உதறிக்கொண்டு ஒன்றாகவே வகுப்புக்குச் செல்வது ஒன்று. ஒருவனை மூவர் கட்டடத்தின் பின்புறம் கொண்டுபோய் அடிப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை ஆய்வுநெறிப்பட முதன்முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர் டான் ஒல்வியஸ் என்னும் உளவியலாளர். சுவீடனிற் பிறந்து நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இவர், 1970களின் தொடக்கம் முதலே இதனை ஆராய்ந்தவர். 1982 ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவரின் கொடுமை அதற்குக் காரணமாயிருக்கலாம் என்ற செய்தி பரவவே, அடுத்த ஆண்டு அந்நாட்டுக் கல்வி அமைச்சு நாடளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியது. துன்புறுத்தும் எண்ணம், திரும்பத் திரும்ப நிகழ்தல், அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் இடையிலான வலிமை வேறுபாடு ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்தே அது வெறுஞ் சண்டையன்று என்பது ஒல்வியஸ் வகுத்த இலக்கணம். இம்மூன்றனுள் இறுதியாகக் கூறப்பட்ட வலிமை வேறுபாடே அறவியலுக்கு இன்றியமையாதது என்பது என் கருத்து. அதற்குப் பின்னர் வருவோம்.

இது அங்குமிங்கும் நிகழும் பிறழ்வு என்று கொள்வதற்கும் இடமில்லை. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருட் பாதிப்பேர், அதாவது ஏறத்தாழ 15 கோடிப் பேர், பாடசாலையிலோ அதன் சுற்றாடலிலோ சகமாணவரின் வன்செயலுக்கு ஆளாகியதாகக் கூறுகிறது. யுனெஸ்கோவின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முன்னைய ஓராண்டுக்குள் உடல்ரீதியான சண்டையில் ஈடுபட்டோர் நூற்றுக்கு 36 பேர்; ஒரு தடவையேனும் தாக்கப்பட்டோர் நூற்றுக்கு 32 பேர். செல்வ நாடு, வறிய நாடு என்ற வேறுபாடின்றி இது காணப்படுகிறது. ஆகவே, 'எங்கள் பண்பாடு சீரழிந்ததனால் வந்த கேடு' என்று மேடைகளிற் பேசுவது எளிதேயன்றி உண்மையன்று.

காரணங்கள் யாவை? வீட்டை முதலிற் கூறுவது வழக்கம். 1961 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் அல்பேட் பண்டூராவும் அவர்தம் துணைவரும் நடத்திய பரிசோதனை இவ்விடத்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். வளர்ந்தோர் ஒருவர் காற்றடைத்த பொம்மையொன்றை உதைத்தும் சுத்தியலால் அடித்தும் காட்ட, அதனைப் பார்த்திருந்த சிறுபிள்ளைகள் பின்னர் அவ்வாறே செய்தனர். பொம்மையை அடிப்பதற்கும் தோழனை அடிப்பதற்கும் தூரம் அதிகம் என்பதனால் இப்பரிசோதனையை அளவுக்குமீறி நம்புவதற்கு எனக்குத் தயக்கமுண்டு. எனினும், பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதிலும் பார்க்க நாம் செய்வதைப் பார்த்தே கற்கின்றனர் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நம் வீடுகளே போதும்.

நம் வடகிழக்கு வீடுகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்கிறது. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. இன்று பாடசாலையிற் பயில்வோருட் பெரும்பாலோர் எறிகணையின் ஓசையைக் கேட்டறியாதவர்கள். ஆயின் அவர்களுடைய தாய்தந்தையர் கேட்டவர்கள். வடகிழக்கின் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்று, குடும்பம் போருக்கு முகங்கொடுத்த அளவும் தந்தையின் குடிப்பழக்கமும் அப்பிள்ளைகள் வீட்டில் அனுபவிக்கும் வன்செயலோடு தொடர்புடையன என்று காட்டியது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் வடு தனிமனிதருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது என்பதைத் தம் நூல்களில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். துப்பாக்கி ஓய்ந்த பின்னரும் அடி ஓய்வதில்லை என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆண்மை பற்றிய கருத்தும், தொலைபேசித் திரையும், பரீட்சைப் போட்டியும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவற்றை இங்கு விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் இரு கல்லூரிகளுக்கிடையே 1904 முதலாக நடைபெற்றுவரும் துடுப்பாட்டத்தை 'வடக்கின் பெரும் போர்' என்றழைக்கிறோம். போரைக் கண்ட ஊர், பந்தாட்டத்துக்கு இப்பெயரை இத்துணைப் பற்றுடன் சூடிக்கொண்டிருப்பது வியப்புக்குரியதே.

பாடசாலை தானே ஒரு காரணமாதலைப் பற்றி நாம் தாராளமாகப் பேசுவதில்லை. 'அடியாத மாடு படியாது' என்பது நம் பழமொழி. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன், 'கண் இரண்டையும் விட்டுட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கோ, சேர்' என்று ஆசிரியரிடம் ஒப்படைத்துச் செல்வதை ஊர்களிற் கேட்டிருக்கிறோம். அது அன்பினாலும் நம்பிக்கையினாலும் கூறப்பட்டது என்பதில் ஐயமில்லை. சட்டமும் நெடுங்காலம் அத்தகப்பனின் பக்கமே நின்றது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, ஆசிரியர் தம் பொறுப்பை நியாயமாகப் பிரயோகித்து மாணவனைப் பிரம்பால் அடிப்பது குற்றமாகாது என்பதை உதாரணமாகவே எழுதிவைத்தது. 2005 இற் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடற்றண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில், மாணவனொருவனைக் கன்னத்தில் அறைந்து அவனது செவிப்புலனைப் பாதித்த ஆசிரியரின் செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறியது, அதாவது கொடூரமானதும் இழிவுபடுத்துவதுமான நடத்தையாகும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மாறியது, பிரம்பு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதை ஆசிரியரும் மாணவரும் அறிவர்.

இங்கே எழும் அறவியற் சிக்கல் ஆசிரியர் இரக்கமற்றவரா என்பதன்று. சக மாணவனை அடித்தமைக்காக ஒருவனை அதிபர் அடிக்கிறார் எனக் கொள்வோம். 'அடிப்பது தவறு' என்று அவர் வாயாற் கூறுகிறார். அப்பையன் கற்பதோ வேறு. பலமுடையவன் பலமற்றவனை அடிக்கலாம். தான் அடித்தபோது தன்னிலும் பலமுடைய ஒருவர் இருந்தமையே தன் தவறு என்பதே அவன் கற்பது. இது தருக்கப் பிழையின்றி அவன் பெறும் முடிபு. அவனை மடையன் என்று சொல்லமுடியாது.

இனி, இத்துணைக் காரணங்கள் ஒருவன் பின்னால் நின்று தள்ளும்போது, அவன் கையை அவன் கை எனலாமா? அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலில் இதற்கு அருகே வருகிறார். கல்லை எறிந்தபின் அதனைத் திரும்பப் பெறமுடியாது. எனினும் எறிவதும் எறியாமையும் ஒருகால் எறிந்தவனிடமே இருந்தன. அவ்வாறே தீய இயல்பு படிந்தபின் அதனை நினைத்தவுடன் நீக்கமுடியாதெனினும், அது படிவதற்குத் தொடக்கத்தில் இடங்கொடுத்தவன் அவனே என்பது அவர் வாதம். வளர்ந்தவனுக்கு இது பொருந்தலாம். ஆயின் பதினைந்து வயதினன் தன் இயல்பைத் தானே எப்போது தெரிந்தெடுத்தான்? சிறுவயது முதற் படியும் பழக்கமே யாவற்றையும் தீர்மானிக்கும் என்று கூறுபவரும் அதே அரிஸ்டோட்டில்தான். அவர் இன்னொரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறார். சிறுவர் தம் விருப்பின்படி செயற்படுகின்றனர். ஆயினும் ஆய்ந்து தெரிதல் என்பது அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கட்டிளமைப் பருவத்தினன் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவன். நம் நாட்டுச் சட்டமும் இவ்விடையிற்றான் கோடு கிழிக்க முயல்கிறது. குற்றப் பொறுப்புக்குரிய ஆகக்குறைந்த வயது 8 ஆக இருந்து, 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தால் 12 ஆயிற்று. 12க்கும் 14க்கும் இடைப்பட்டோர்க்கு அவர்தம் முதிர்ச்சி ஆராயப்படும். வயதை எண்ணாற் குறிக்கச் சட்டத்துக்கு முடியும். அறவியலுக்கு அந்த வசதி இல்லை.

இவ்விடத்திலே எனக்குத் துணையாவது திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் தொடங்கும் இடம். சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைத் தடுப்பவனே சினத்தைத் தடுத்தவனாவான். பலிக்காத இடத்தில் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பது வள்ளுவர் கருத்து. இதனைப் பாடசாலைக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலாம் பாடவேளையில் ஆசிரியர் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்தி அவமதிக்கிறார். அவன் தலைகுனிந்து நிற்கிறான்; பல்லைக் கடித்துக்கொள்கிறான்; கை ஓங்கவில்லை. இடைவேளையில் தன்னிலும் மெலிந்த ஒருவன் பட்டப்பெயர் சொல்லி அழைத்தமைக்காக அவனது மூக்கை உடைக்கிறான். 'ஆத்திரத்தில் என்னையறியாமற் செய்துவிட்டேன்' என்பது அவன் கூற்று. முதலாம் பாடவேளை அக்கூற்றைப் பொய்யாக்குகிறது. சினத்தை அடக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது; ஒரு மணி நேரத்துக்கு முன்னர் அதனை அவன் பயன்படுத்தியும் இருக்கிறான். எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்று ஆள்பார்த்துத் தீர்மானித்தவன் அவனே. ஆகவேதான் வலிமை வேறுபாடே இங்கு இன்றியமையாதது என மேலே குறிப்பிட்டேன். தெரிதல் நிகழ்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இதே அளவுகோலை ஆசிரியருக்கும் பிரயோகித்தல் நேர்மையாகும். வலயக் கல்விப் பணிப்பாளர் முன்னிலையில் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டவர்தாம்; அன்றைய வகுப்பிற் பிரம்பை எடுத்தவரும் அவர்தாம். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் தகப்பன், கடன் கொடுத்தவனை ஒருநாளும் அடித்ததில்லை.

அங்ஙனமாயின் காரணங்களைப் பேசுவது வீணா? அன்று. பொறுப்பைப் பாண் போலத் துண்டாடிப் பங்கிடலாம் என எண்ணுவதாலேயே இம்மயக்கம் எழுகிறது. தகப்பனுக்கு இத்துணை, ஆசிரியருக்கு இத்துணை, போருக்கு இத்துணை என்று கொடுத்துவிட்டால் எஞ்சுவதே பையனுக்கு உரியது என்று கணக்குப் பார்க்கிறோம். பலர் கூட்டாகக் கைச்சாத்திட்ட கடனில் ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பாவர் என்பதை வழக்கறிஞர் அறிவர். அறப்பொறுப்பும் அத்தகையதே. தகப்பனின் பங்கைக் கூட்டுவதாற் பையனின் பங்கு குறைவதில்லை. பையனைக் குற்றஞ்சாட்டுவதால் ஊராரின் கணக்கும் தீர்ந்துவிடுவதில்லை. காரணங்களை அறிவதன் பயன் ஒருவனை விடுவிப்பதிலன்று, கைச்சாத்திட்ட ஏனையோரையும் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே இருக்கிறது.

அவர்களுள் அதிகம் பேசப்படாதவர் பார்த்து நின்றோர். இதனைப் பற்றி எழுதுவதாயின் என்னைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது.

நான் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது, இடம்பெயர்ந்து வந்த ஒருவன் எங்கள் வகுப்பிற் சேர்ந்தான். அவன் பேச்சு எங்கள் பேச்சிலிருந்து சற்று வேறுபட்டது. அதுவே அவனைக் கேலிசெய்யப் போதுமாயிற்று. ஒரு தவணை முடிவதற்குள், விஞ்ஞானகூடத்தின் பின்புறத்தில், கேலியைப் பொறுக்காது மறுமொழி சொன்னமைக்காக வகுப்பிலேயே பலசாலியான ஒருவன் அவனை அடித்தான். முப்பது பேரளவில் வளையமாக நின்றோம். இரண்டு நிமிடங்கூட இராது. சிலர் ஆரவாரித்தனர், நான் ஆரவாரிக்கவில்லை. நெடுங்காலம் இதனை எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தேன்.

பிற்காலத்தில் இத்துறை ஆய்வுகளை வாசித்தபோது அச்சாட்சி நிலைக்கவில்லை. பின்லாந்து உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவர்தம் துணைவரும் 1996 இல், அடிப்பவனுக்கு உதவுவோர், ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், அடிபடுபவனுக்காகப் பரிந்து வருவோர் என வகுப்பிலுள்ளோரைப் பிரித்துக் காட்டினர். நான் மூன்றாம் வகையினன். கட்டிளைஞர் தனித்திருக்கும்போதிலும் நண்பர் பார்த்திருக்கும்போதே கூடுதலான அபாயத்தைத் துணிகின்றனர் என்பதை 2005 இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையொன்று, வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொண்டு காட்டியது. எங்கள் வளையம் இல்லாதிருந்தால் அவனுக்கு யாருக்குத் தன்னைக் காட்டவேண்டியிருந்திருக்கும்? கனடாவில் விளையாட்டிடங்களை ஒளிப்பதிவு செய்து நடத்தப்பெற்று 2001 இல் வெளியான ஆய்வோ இன்னும் கடுமையானது. சகமாணவர் குறுக்கிட்ட தருணங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில், பத்து வினாடிகளுக்குள் கொடுமை நின்றுவிட்டது. அங்கு ஆராயப்பட்டோர் எங்களிலும் இளைய சிறுவர் என்பது உண்மை. எனினும் பத்து வினாடி என்ற அக்கணக்கை வாசித்த நாளில் நூலை மூடிவைத்துவிட்டேன்.

ஒதுங்கி நின்றவன் தீமை எதுவும் செய்யவில்லை என்று வாதிக்கலாம். செயலின்மைக்குப் பொறுப்புண்டா என்பது மெய்யியலிற் பழைய வினா. வீதியிற் போகும் அந்நியனுக்கு நான் கடமைப்பட்டேனா என்று அதனை வகுப்பறையிற் கேட்பார்கள். ஆயின் வளையத்தில் நிற்பவன் அந்நியனல்லன். நின்று பார்ப்பது ஒரு செயல். அது அடிப்பவனுக்கு அரங்கு கொடுக்கிறது. அடிபடுபவனுக்கோ முப்பது பேரும் அடித்தது போலாகிறது. பயத்தினால் நின்றேன் என்பது ஓரளவு மெய்யே. குறுக்கே போயிருந்தால் எனக்கும் விழுந்திருக்கும். அப்பயம் தனியே குறுக்கிடாமைக்கு விளக்கமாகலாம். அடிக்கும்வரை அங்கேயே நின்றமைக்கு விளக்கமாகாது.

இதனை வாசிப்போர் பல்கலைக்கழகத்தினர் என்பதை மறந்து எழுதவில்லை. பகிடிவதையின் விளைவாக 1997 இல் மாணவர் ஒருவர் உயிரிழந்த பின்னர், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டத்தின் பின்னரும் ஒவ்வோராண்டும் புதுமுக மாணவர் வந்து சேரும் வாரங்களில் விடுதிகளில் நிகழ்வன யாவருக்கும் தெரியும். அடிப்போர் சிலரே, பார்ப்போர் பலர். 'நாங்களும் பட்டோம், அவர்களும் படட்டும்' என்பது அங்கு வழங்கும் நியாயம். காரணம் காட்டிக் குற்றத்தைக் கழுவும் முறைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. பட்டவன் என்ற தகுதி அடிப்பதற்கு உரிமை தருமாயின், இடம்பெயர்ந்து வந்த அம்மாணவனே எங்கள் வகுப்பில் எல்லோரையும் அடிக்கத்தக்கவனாயிருந்தான்.

எஞ்சியது, அடித்தவனைப் பாடசாலை என்ன செய்யவேண்டும் என்பது. விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து அனுப்புவது எளிது. அடுத்த பாடசாலையில் இன்னொருவனின் மூக்கு உடையும்வரை நமக்குக் கவலையில்லை. பிரம்பின் கதையை மேலே கண்டோம். அவனை இருத்தி, ஏன் செய்தாய் என்று கேட்டு, 'சும்மா' என்ற விடையை ஏற்காது, அடிபட்டவன் பட்டதை அவன் வாயாலேயே கேட்கவைப்பது நேரம் பிடிக்கும் வேலை. ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் பெரும்பாலும் தம் பாடங்களையும் கற்பித்துக்கொண்டே அதனைச் செய்யவேண்டியவராக இருக்கிறார். எனவே நம் பாடசாலைகள் வேறொரு குறுக்குவழியைக் கண்டுள்ளன. காலைக்கூட்டத்தில் இருவரையும் மேடையேற்றிக் கைகுலுக்கச் செய்வதே அது.

இது பார்வைக்கு நல்லதாகவே தோன்றும். ஆயினும் மன்னிப்பு என்பது அடிபட்டவனுக்கு உரிய பொருள். அதிபருக்கோ, பாடசாலையின் நற்பெயருக்கோ அது உரியதன்று. அதனைக் கொடுப்பதும் கொடாமையும் அவன் விருப்பம். அவனிடம் எஞ்சியிருந்ததும் அவ்வொன்றே. எங்கள் பாடசாலையிலும் அவ்விருவரும் மறுநாட் காலை மேடையேற்றப்பட்டனர். அடித்தவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். மற்றவன் இரு கைகளையும் பின்னாற் கட்டிக்கொண்டு நின்றான். அதிபர் இருமுறை சொல்லியும் கேளாமையால், பணிவின்மைக்காக அங்கேயே அவனுக்கு இரண்டு பிரம்படி விழுந்தது. அன்றும் நாங்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.